கலாட்டியாவின் வெள்ளை சாக்ஸ்

"அப்பா, இந்த அக்கா எதுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருக்காங்க?"

என் மகள் இப்படிக் கேட்டபோது அந்தக் கேன்வாஸோடு ஆறு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. சாக்ஸேதான். முழங்காலைத் தாண்டி இழுத்துவிட்ட வெள்ளை சாக்ஸ். அதைக் கழற்ற இன்னும் பத்து வாரம் ஆனது.

நான் நகலெடுத்தது பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ஜெரோம் 1890 வாக்கில் வரைந்த 'பிக்மாலியனும் கலாட்டியாவும்'. 1927-ல் நன்கொடையாக வந்து சேர்ந்ததிலிருந்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடம் ஒரு சிற்பக்கூடம். பீடத்தின் மேல் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெண் சிலை, தன்னைச் செதுக்கியவனை நோக்கிக் குனிந்து முத்தமிடுகிறது. முதுகும் தோளும் உயிருள்ள தோல்; கால்கள் இன்னும் பளிங்கு. அந்தரத்தில் காதல் கடவுள் எரோஸ் வில்லோடு மிதக்கிறான். பின்னால் நாடக முகமூடிகள், மெடுசா முகம் பதித்த கேடயம், சின்னச் சின்னச் சிலைகள்.

கதை ரோமானியக் கவிஞர் ஓவிட் லத்தீனில் எழுதிய 'உருமாற்றங்கள்' நூலின் பத்தாவது பகுதியில் வருவது. சைப்ரஸில் பிக்மாலியன் என்ற சிற்பி, தான் செய்த சிலை மீதே காதல் கொள்கிறான். காதல் தெய்வமான வீனஸின் திருவிழாவில் வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தொட்டால் சிலை சூடாக இருக்கிறது. ஓவிட் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. கலாட்டியா என்பது 18-ஆம் நூற்றாண்டில் பரவிய பெயர். இன்னொரு விஷயமும் உண்டு. ஓவிட்டின் சிலை பளிங்கு கிடையாது, தந்தம். வெயிலில் வைத்த மெழுகு கட்டைவிரல் பட்டு இளகுவது போல அது இளகியது என்று எழுதுகிறார். அந்த மெழுகு எனக்குப் பின்னால் உதவியது.

வீடியோ காலில் பார்த்த அம்மாவுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. "அகலிகை கதைதானே? ராமர் எங்கடா?" என்றார். அங்கே கல்லில் ஒரு பாதம் பட்டதும் உயிர் வருகிறது. இங்கே பாதம்தான் கடைசிவரை கல்லாகவே நிற்கிறது.

ஏன் இந்த ஓவியம் என்றால், இதில் ஒரே உடம்பில் இரண்டு பொருள் இருக்கிறது. தோல் வரையத் தெரிகிறதா, கல் வரையத் தெரிகிறதா, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகத் தெரிகிறதா என்று மூன்று பரீட்சையை ஒரே நாளில் வைத்தது மாதிரி. அளவும் வசதி. மூலம் 88.9 சென்டிமீட்டர் உயரம், 68.6 அகலம். அக்காலத்துப் புராண ஓவியங்கள் பலவும் சுவர் அளவுக்கு இருக்கும். போகரோவின் 'வீனஸின் பிறப்பு' மூன்று மீட்டர் உயரம். நியூ ஜெர்சி வீட்டின் நிலவறையில் அதற்கெல்லாம் இடமில்லை.

அங்குலத்தில் சொன்னால் மூலம் 35-க்கு 27. கடையில் கிடைக்கும் 26 அங்குல, 20 அங்குலச் சட்டக் கட்டைகளைச் சேர்த்தால் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடுகிறது. அகலத்தில் நூலிழைதான் குறைகிறது. நகல் மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது என்பது பழைய நல்ல பழக்கம் என்பதால் அதற்கும் சரியாகப் போயிற்று.

லினன் துணியை இழுத்து ஆணியடித்து இரண்டு பூச்சு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு) அடித்தேன். போதவில்லை. ஜெரோமின் பரப்பு பீங்கான் மாதிரி இருக்கும், தூரிகைத் தடமே தெரியாது. என் துணியில் நெசவு பல்லிளித்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, மேலே இரண்டு பூச்சு, மறுபடி தேய்ப்பு. தேய்க்கிற வேலையையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். காரணம் பின்னால் வரும்.

மூலப் படத்துக்கு அலையவேண்டியதில்லை. உரிமைக் காலம் முடிந்த தன் படைப்புகளின் படங்களை 2017-லிருந்து அந்த அருங்காட்சியகம் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. பெரிய கோப்பாக இறக்கி ஒரு கடையில் அச்சடித்தேன். அச்சு கொஞ்சம் சிவப்பு அடித்திருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேன்வாஸில் இரண்டு அங்குலக் கட்டங்கள், உயரத்தில் 13, அகலத்தில் 10, ஆக மொத்தம் 130. கரிக்கோலில் கோட்டோவியம் போட மூன்று மாலை பிடித்தது. கட்டம் போட்டும் முதுகின் சாய்வு ஒரு விரல்கடை பிசகியிருந்தது. கண்ணுக்குப் பழகிவிட்டதால் நேராகப் பார்த்தபோது தெரியவில்லை. கண்ணாடியில் காட்டியதும் சட்டென்று தெரிந்தது. குனிந்து முத்தமிடுகிறவள் என் படத்தில் கீழே விழுந்ததைத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள். அழித்து மறுபடி போட்டேன்.

இதற்கு முன் ஒரு மாதம் வேறு பயிற்சி எடுத்திருந்தேன். ஷார்ல் பார்க் என்பவர் ஜெரோமோடு சேர்ந்து 1860-களின் பிற்பாதியில் வெளியிடத் தொடங்கிய ஓவியப் பாடத் தாள்கள் 197 இருக்கின்றன. முதல் பகுதி முழுக்கப் பிளாஸ்டர் வார்ப்புகள்: கண், காது, பாதம், கை. வான் கோ இந்தத் தாள்களை உட்கார்ந்து திரும்பத் திரும்ப நகலெடுத்தவர். நான் பாதத் தாள்களை மட்டும் போட்டேன். இந்தப் படத்தில் ஜெரோம் செய்திருப்பதும் ஏறக்குறைய அதுதான். அவள் முழங்காலுக்குக் கீழே வார்ப்புப் பாடம், மேலே உயிருள்ள மாடல் பாடம். அந்தக் கால நுண்கலைப் பள்ளி மாணவன் வருடக்கணக்கில் ஏறிய ஏணி ஒரே உடம்பில் நிற்கிறது.

ரா அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தை டர்பன்டைனில் மெலிதாகக் கரைத்து அடிப்பூச்சு. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். மறுநாளே மேலே வேலை செய்யலாம். இங்கே சொல்லும்படி எதுவும் தப்பாகப் போகவில்லை.

அப்புறம் வண்ணம். கையில் டைட்டானியம் வெள்ளைதான் இருந்தது. கால்களுக்கு வெள்ளையும் கொஞ்சம் கறுப்பும், முதுகுக்கு அதே வெள்ளையோடு சிவப்பும் மஞ்சள் காவியும். தொடையில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரத்தோடு ஈரமாக மென்தூரிகையால் கலந்துவிட்டேன். என் கணக்கு ரொம்ப எளிமையானது: கீழே வெள்ளை, மேலே இளஞ்சிவப்பு, நடுவில் பாதிப்பாதி. நகலெடுக்கிற எல்லாரும் முதலில் போடுகிற கணக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போதுதான் மகள் படியிறங்கி வந்து சாக்ஸைப் பற்றிக் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலேறி நியூயார்க் போனேன். அன்று மாலை அருங்காட்சியகம் ஒன்பது மணிவரை திறந்திருக்கும், கூட்டமும் குறையும். காட்சிக்கூடத்துக்குள் பென்சில் மட்டும்தான் அனுமதி, ஈர வண்ணம் கூடாது. அதனால் வீட்டிலேயே அட்டைத் துண்டுகளில் 24 நிறங்களைப் பூசிக் காயவைத்து, நடுவில் ஓட்டை போட்ட சாம்பல் நிற அட்டை ஒன்றையும் எடுத்துப் போனேன். ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்தால் சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றாது. அட்டையில் விழும் வெளிச்சமும் ஓவியத்தில் விழும் வெளிச்சமும் ஒன்றல்ல என்பதால் இது துல்லியமான அளவை ஆகாது. கிட்டே போய்ப் பிடித்தால் காவலர் பின்னால் தள்ளி நிற்கச் சொல்வார். சொன்னார், இரண்டு முறை.

ஆனாலும் முக்கியமான விஷயம் தெரிந்துவிட்டது. நான் வெள்ளை வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்த கால் வெள்ளையே அல்ல. என் அட்டைகளில் வெள்ளை என்று எழுதியிருந்த நாலில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கிட்ட வந்தது காவியும் சாம்பலும் கலந்த ஒரு மந்தமான துண்டு. அதைத் தனியாகப் பார்த்தால் அழுக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். தோலுக்கும் அப்படியே. என் சிவந்த அச்சை நம்பிப் போட்ட இளஞ்சிவப்பு எங்கோ போய்விட்டது; இங்கே அது ரொம்ப அடக்கமாக இருந்தது. கல்லுக்கும் தோலுக்கும் நடுவே நான் வெட்டியிருந்த பள்ளத்தில் கால்வாசிகூட அங்கே இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து தொலைபேசியில் என் படத்தையும் மூலத்தையும் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். என்னுடையதில் சாக்ஸின் விளிம்பு அப்பட்டமாக நின்றது. அவருடையதில் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் கல்லை வெளிச்சமாகவும் தோலை இருட்டாகவும் போட்டிருந்தேன். அவர் வெளிச்ச அளவை அதிகம் அசைக்காமல் நிறத்தின் வெப்பத்தை மட்டும், அதாவது சாம்பல் பக்கமா சிவப்புப் பக்கமா என்பதை மட்டும், அசைத்திருக்கிறார்.

அன்று ஒரு மணிநேரம் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றதில் இன்னொன்றும் மனசில் உட்கார்ந்தது. ஜெரோம் ஐம்பதைத் தாண்டியபின் சிற்பியாகவும் ஆனவர். 1878 பாரிஸ் கண்காட்சியில் கிளாடியேட்டர் சிலையை வைத்தார். 1890-ல் 'தனாக்ரா' என்ற பளிங்குச் சிலைக்குத் தோல் நிறமே பூசினார். பண்டைய கிரேக்கச் சிலைகள் வண்ணம் பூசியவைதாம் என்பது அந்த நூற்றாண்டில் பெரிய விவாதம். இவர் பூசுகிற கட்சி. பிக்மாலியன் கதையையும் பளிங்கில் செதுக்கி வண்ணமேற்றினார். அது கலிஃபோர்னியாவில் ஹர்ஸ்ட் மாளிகையில் இருக்கிறது. எண்ணெயில் மூன்று வடிவங்கள் தெரியவந்திருக்கின்றன. சிலையைச் சுற்றி நடந்து பார்ப்பது போல ஒவ்வொன்றிலும் வேறு கோணம். ஆக, பளிங்கின் மேல் மெலிதாகத் தோல் நிறம் ஏற்றினால் எப்படி இருக்கும் என்பது இவருக்குக் கற்பனை இல்லை, பட்டறையில் கையால் செய்து பார்த்த வேலை.

இதை நினைத்துத்தான் இரண்டாவது தப்பைச் செய்தேன். அவர் பளிங்குக்கு வண்ணம் பூசினார் என்றால் நானும் அப்படியே செய்யலாமே! பழைய வண்ணத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். உடம்பு முழுவதையும் கல்லாகவே வரைந்து, பத்து நாள் காயவிட்டு, இடுப்புக்கு மேல் சிவப்பையும் காவியையும் எண்ணெயில் கரைத்துக் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். நினைக்க அழகான யோசனை. கிடைத்தது கடைப் பொம்மை. தோல் மேலே மட்டும் பளபளத்து, உள்ளே உயிரில்லாமல், நல்லெண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. நிஜக் கல்லில் எடுபடும் வேலை, கல் மாதிரி வரைந்த துணியில் எடுபடவில்லை.

மூன்றாவது முயற்சிக்கு முன் வெள்ளையை மாற்றினேன். டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜெரோம் காலத்தில் ஈய வெள்ளைதான் பிரதானம், துத்தநாக வெள்ளையும் உண்டு. டைட்டானியம் எதில் கலந்தாலும் அதைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஒரு பொட்டு போட்டால் பக்கத்து நிறமெல்லாம் வெளுத்துப்போகும். ஈய வெள்ளை அவ்வளவு அடாவடி பண்ணாது. கொஞ்சம் ஒளி ஊடுருவும், இழுத்தால் நூல் மாதிரி இழையும், சீக்கிரமும் காயும்.

ஆனால் ஈயம் விஷம். இதில் விளையாட்டு கூடாது. கையுறை போட்டேன். வேலை நடக்கும் இடத்தில் காபிகூடக் குடிக்கவில்லை. குழாயைப் பெட்டியில் பூட்டி வைத்தேன். மகளுக்கு நிலவறைக் கதவு அன்றோடு அடைபட்டது, படத்தைக் காய்ந்த பிறகு மாடிக்குக் கொண்டுவந்து காட்டினேன். ஈய வெள்ளை ஏறிய பரப்பை உப்புத்தாள் போடவே கூடாது. தேய்க்கிற வேலையை முதலிலேயே முடிக்கச் சொன்னது இதற்காகத்தான். எண்ணெய் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

இந்த முறை தட்டில் மூன்று சரமாக வண்ணங்களைக் கலந்து வைத்தேன். கல் சரம்: ஈய வெள்ளை, மஞ்சள் காவி, துளி ஐவரி பிளாக். (பெயரில்தான் தந்தம், இப்போது எரித்த எலும்பிலிருந்து வருகிறது.) தோல் சரம்: அதே வெள்ளையும் காவியும், கறுப்புக்குப் பதில் காட்மியம் சிவப்பு, நிழலுக்கு பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு. நடுச் சரம்: இரண்டையும் கலந்தது. ஒவ்வொரு சரத்திலும் வெளிச்சம், நடு, நிழல் என்று மூன்று குவியல். ஆரம்பிக்கும் முன் ஒன்பதையும் தொலைபேசியில் கறுப்பு-வெள்ளையாக எடுத்துப் பார்த்து, குறுக்கே ஒரே படியில் இருப்பவை ஒரே சாம்பலாகத் தெரியும்வரை திருத்தினேன். முதல் மாலை முழுக்க இதிலேயே போனது. கேன்வாஸைத் தொடவே இல்லை. மொத்த வேலையிலும் உருப்படியாகக் கழிந்த மாலை அதுதான்.

அப்புறம் மாறும் இடம். முன்பு ஒரே உயரத்தில், பெல்ட் கட்டியது போலத் தொடையைச் சுற்றி மாற்றியிருந்தேன். சாக்ஸுக்கு விளிம்பு கிடைத்ததே அதனால்தான். இப்போது வெளிச்சப் பக்கத்தில் ஒரு உயரத்தில், நிழல் பக்கத்தில் இன்னொரு உயரத்தில், தசை திரும்பும் இடத்தில் முன்னும் பின்னுமாக விட்டேன். கலந்து தேய்க்காமல், மெல்லிய தூரிகையால் நடுச் சரத்தைச் சின்னச் சின்னக் கீற்றுகளாகக் கல்லுக்குள்ளும் தோலுக்குள்ளும் நெய்துவிட்டு, கடைசியில் மட்டும் காய்ந்த மென்தூரிகையால் ஒரு தடவை துடைத்தேன். ஓவிட்டின் மெழுகை இங்கேதான் நினைத்துக்கொண்டேன். மெழுகு கோடு போட்டு இளகுவதில்லை. விரல் பட்ட இடம் முதலில், படாத இடம் பிறகு.

சுவாரசியமான விஷயம், கல் சரத்தின் வெளிச்சக் குவியல் சரியாக வந்தபோது அது பளிங்கு மாதிரியே இல்லை. தந்தம் மாதிரி இருந்தது. ஓவிட் சொன்னதும் அதுதானே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். ஜெரோம் இதை யோசித்துச் செய்தார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை.

இந்த ஆளை விரும்பாதவர்களும் நிறையப் பேர். புகைப்படமாகவும் அச்சாகவும் ஆயிரக்கணக்கில் விற்பதற்காகவே ஜெரோம் படம் வரைகிறார் என்று எழுத்தாளர் எமில் ஜோலா 1867-ல் சாடினார். ஜெரோமின் மாமனார் கூபில் அந்த அச்சுப் படங்களை விற்ற வியாபாரி என்பதால் அடி சரியான இடத்தில் விழுந்தது. 1894-ல் ஓவியர் காய்போட் இறந்து, அவர் அரசுக்கு எழுதி வைத்திருந்த இம்ப்ரஷனிஸ்ட் ஓவியச் சேகரிப்பு வந்தபோது அதை ஏற்கக் கூடாது என்று சத்தம் போட்டவர்களில் ஜெரோமும் ஒருவர். அதில் எனக்கும் அவர் மேல் கோபம்தான். அச்சுக்காக வரைந்தவர் என்று திட்டு வாங்கியவரின் படத்தை, சிவப்படித்த அச்சை நம்பி ஆறு வாரம் கெடுத்தவன் நான். ஜோலாவோடு இதில் சண்டை போட எனக்குத் தகுதியில்லை.

பின்னணியை நான்கு நாளில் முடித்தேன், அது தெரியவும் தெரிகிறது. முகமூடிகள் பரவாயில்லை. எரோஸ் கொழுகொழுவென்று இருக்க வேண்டியவன், கொஞ்சம் சோகையாக வந்துவிட்டான். அம்பர் அதிகம் போட்ட இருட்டுப் பகுதிகள் எண்ணெயை உறிஞ்சி மங்கிப்போயின; காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தடவி, மிச்சத்தை ஒற்றி எடுத்ததும் ஆழம் திரும்பியது.

மூலத்தில் சிலையின் அடிப்பீடத்திலேயே ஜெரோம் கையெழுத்திட்டிருக்கிறார், சிலையைச் செதுக்கியவனே அவர்தான் என்பது போல. அதை நான் நகலெடுக்கவில்லை. பீடத்தை வெறுமையாக விட்டு, கேன்வாஸின் பின்பக்கம் 'ஜெரோமைப் பார்த்து வரைந்த நகல்' என்று தேதியோடு எழுதினேன்.

படம் நிலவறையில் இல்லை இப்போது. எண்ணெய் வண்ணம் இருட்டில் மஞ்சள் பாரிக்கும். ஒரு மாதம் கீழே வைத்ததில் கல் சரம் லேசாக மஞ்சளடித்தது. மாடியில் ஜன்னல் வெளிச்சம் படும் சுவரில் மாட்டிய சில வாரத்தில் தெளிந்துவிட்டது. இடது முழங்காலின் பின்குழி மட்டும் இன்னும் அழுக்குப் பட்டது போலத்தான் இருக்கிறது. அதை மூன்று தடவை திருத்தினேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மோசமானது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"சாக்ஸ் போயிடுச்சு," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப ஸ்டாக்கிங்ஸ்."

வார்னிஷ் அடிக்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.